டட்டன் தெருவின் பதினோரு குளியல் தொட்டிகள்

"எங்க வீட்டுக் குளியல் தொட்டியத் தூக்கி வெளிய போடணும். அதுக்கு யாரைப் பாக்கணும், கண்ணு?"

நகராட்சித் திட்டப் பிரிவின் கவுன்ட்டரில் எனக்கு அது இரண்டாவது வாரம். எதிரே நின்றவருக்கு எண்பது வயது இருக்கும். ஊன்றுகோலைக் கவுன்ட்டரின் மேல் குறுக்கே படுக்க வைத்திருந்தார், பின்னால் நிற்பவர் யாரும் முந்திவிடாதபடி.

"குளியல் தொட்டிக்கெல்லாம் அனுமதி தேவையில்லைங்க. உங்க வீடு, உங்க தொட்டி."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். பிளம்பர் கிட்ட வரவே மாட்டேங்கிறான். தொட்டா ஜெயில்ல போட்ருவாங்களாம். நீ அந்தப் பொட்டியில விலாசத்தத் தட்டிப் பாரு. டட்டன் தெரு, அஞ்சாம் நம்பர். வெர்னா டூலன்."

தட்டினேன். திரையில் அந்தத் தெருவின் ஒரு பக்கம் முழுவதும் சிவப்பானது.

"செவப்பா வருதா?"

"வருது."

"என்ன சொல்லுது? சத்தமாப் படி, எனக்குக் காது பாதிதான்."

"பாரம்பரியச் சின்னம். உள்ளே எந்த மாற்றமும் செய்யக் கூடாது. குளியல் தொட்டி ஒன்று. பச்சை எனாமல். சிங்கக் கால்கள் நான்கு. இடது விளிம்பில் சிறு உடைவு. ஒப்பற்ற முக்கியத்துவம் வாய்ந்தது."

"என்னைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?"

"இல்லைங்க."

"நாப்பத்தாறு வருஷமா அதைத் தேய்ச்சுக் கழுவறவ நான். சரி விடு. எனக்குப் பதினாலாம் தேதி இடுப்புல ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு பொம்பள வந்து வீட்டை அளந்து பாத்தா. தொட்டி விளிம்பு மேல காலைத் தூக்கி வெச்சு இனிமே நான் ஏற முடியாதாம். தரையோட தரையா ஷவர் போட்டாத்தான் என்னை வீட்டுக்கு அனுப்புவாளாம். இல்லேன்னா நேரா முதியோர் இல்லம்."

"கொஞ்ச நாளைக்குத்தானே இருக்கும்?"

"போன வருஷம் எங்க தெரு ஐலீனையும் கொஞ்ச நாளைக்குன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. அவ பூனைதான் திரும்பி வந்துச்சு. அவ வரல. ஆமா, நீ எந்தப் பக்கத்துப் புள்ள?"

"இங்கதான். அந்த அடுக்குமாடியில வளந்தேன். பதினாறாவது மாடி."

"அதுல எந்தக் கட்டடம்? ரெண்டாவதா? அப்ப நீ எங்க பெரியம்மா வீட்டு மேல வளந்திருக்க. நேர் மேல." கூரையைப் பார்த்தார். "நல்ல காத்து வந்திருக்கும். அவளுக்குத்தான் ஒரு ஜன்னல் கூட இல்ல."

வெர்னா டூலனை நான் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

டட்டன் தெருவின் பதினேழாம் எண் வீட்டில் பிறந்தவர் அவர். இருபத்து மூன்றாம் வயதில் லெஸ் டூலனைக் கல்யாணம் செய்துகொண்டு ஐந்தாம் எண்ணுக்கு வந்தார். ஆறு கதவுகள் தள்ளி வந்ததுதான் அவர் வாழ்க்கையின் ஒரே குடிபெயர்வு. "அம்மா ஒரு வாரம் அழுதா, ஊரைத் தாண்டிப் போறேன்னு," என்பார். லெஸ் பீர் ஆலையில் பீப்பாய் உருட்டினார். வெர்னா தெருமுனையிலிருந்த பூட்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, பூட்ஸின் கயிற்றுக்கு அடியிலிருக்கும் நாக்கை மட்டும் தைத்தார். முழு பூட்ஸ் ஒன்றை அவர் தைத்ததே இல்லை.

அந்தத் தொழிற்சாலை இப்போது குடியிருப்பு. அவர் உட்கார்ந்து தைத்த இயந்திரம் அதன் வரவேற்பறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. அதில் ஊசியைப் பின்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்வதற்காக வெர்னா மூன்று முறை போய் மணியடித்தார். உள்ளே இருப்பவர்களில் யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று சுவரிலிருந்து ஒரு குரல் கேட்டது. "மெஷினை" என்றார். கதவு திறக்கவில்லை.

தெருமுனையில் நகராட்சி வைத்த விளக்கப் பலகை ஒன்று உண்டு. டட்டன் தெருவின் பதினோரு வீடுகளையும் கட்டிய முதலாளி தொழிலாளர் நலனில் அக்கறை கொண்டவர் என்றும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே அச்சில் வார்த்த பச்சை நிறக் குளியல் தொட்டி கொடுத்தார் என்றும், அவற்றில் எஞ்சியிருப்பது ஐந்தாம் எண் வீட்டிலுள்ள ஒன்றே என்றும் அது சொல்கிறது. சனிக்கிழமைகளில் சரித்திர நடைக்கு வருபவர்கள் அதைப் படித்துவிட்டு ஐந்தாம் எண்ணின் முன் நின்று பெருமூச்சு விடுவார்கள். வெர்னா ஜன்னல் திரையை இழுத்து மூடுவார்.

இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நான் ஆவணக் கிடங்குக்குப் போனேன். 1964 ஆகஸ்டில் வீட்டு வாரிய ஆய்வாளர் ஒருவர் கைப்பட எழுதிய அறிக்கை அங்கே இருந்தது. எண் ஒன்று: குளியல் தொட்டி உண்டு, பச்சை எனாமல், சிங்கக் கால்கள், இடது விளிம்பில் சிறு உடைவு. எண் மூன்று: அதேபோல், இடது விளிம்பில் சிறு உடைவு. ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என எல்லாவற்றிலும் அதே உடைவு. ஓரத்தில் பொடி எழுத்தில், "வார்ப்பாலையின் குறை போலும்" என்று குறித்திருந்தார். பதின்மூன்றிலிருந்து கடைசி வரை ஒரே வரி: "தொட்டி உண்டு. பயன்பாட்டில் உள்ளது."

அறிக்கையின் நகலை வெர்னாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடுப்பு வலித்ததால் நிறுத்தினார். மறுபடி சிரித்தார்.

"ஒரே தொட்டிதான் கண்ணு," என்றார். "தெரு மொத்தத்துக்கும் ஒண்ணே ஒண்ணு."

அந்த ஆய்வுக்கு இரண்டு வருடம் முன்புதான் பக்கத்து மூன்று தெருக்களையும் சேரி என்று அறிவித்து இடித்திருந்தார்கள். நான் வளர்ந்த கட்டடம் எழும்பியது அந்த இடத்தில். குளியல் தொட்டி இல்லாத வீடு மனிதர் வாழத் தகுதியற்றது என்பது வாரியத்தின் விதி. டட்டன் தெருவுக்கும் கடிதம் வந்தது, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆய்வு என்று. தெருவில் தொட்டி இருந்தது ஒன்றாம் எண்ணில் மட்டும். கிரேக்கத்திலிருந்து வந்து கட்டடம் இடிக்கும் வேலை பார்த்த தனாசிஸ், நகரில் ஒரு பழைய ஓட்டலை இடித்தபோது அதைக் கொண்டு வந்திருந்தார்.

அந்த வியாழக்கிழமை டட்டன் தெருவின் எல்லா ஆண்களுக்கும் ஒரே நேரத்தில் வயிற்று வலி வந்தது. பீர் ஆலை, பூட்ஸ் தொழிற்சாலை, டிராம் பணிமனை மூன்றுக்கும் சொல்லியனுப்பினார்கள். லெஸ் ஆலையிலிருந்து பீப்பாய் தள்ளும் வண்டியை முந்தின நாளே கொண்டு வந்துவிட்டார். ஆய்வாளர் ஒரு வீட்டில் தொட்டியைப் பார்த்துக் குறித்துக்கொண்டதும், அந்த வீட்டுப் பெண் அவரை முன்னறையில் உட்கார வைத்துத் தேநீரும் கேக்கும் கொடுக்க வேண்டும். அதற்குள் ஆறு பேர் தொட்டியைப் பின்வாசல் வழியாக எடுத்து, வண்டியில் ஏற்றி, பின்சந்து வழியே அடுத்த வீட்டுக்குள் இறக்கிவிட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒன்பது நிமிடம்.

"என் வீட்டுல கேக் கருகிப்போச்சு," என்றார் வெர்னா. "கல்யாண ஆல்பத்தைக் காட்டினேன். முடிஞ்சிருச்சு. இன்னும் சந்துல வண்டிச் சத்தம் கேக்குது. மறுபடி முதல்லேர்ந்து காட்டினேன். 'இவரை இப்பத்தான் பாத்தேனே'ங்கிறான். 'இது அவரு தம்பி'ன்னேன். லெஸ்ஸுக்குத் தம்பியே கிடையாது."

தொல்லை ஒன்பதாம் எண்ணில் வந்தது. அது ஐலீனின் அம்மா வீடு. தொட்டி சற்று முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டது. துணி துவைக்க அடுப்பில் வெந்நீர் தயாராக இருந்தது. அறுபத்தெட்டு வயதுவரை அந்த அம்மாள் தகர வாளியில்தான் குளித்திருந்தார். ஒரே ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று இறங்கினார். ஆய்வாளர் கதவைத் திறந்தார்.

"'கதவை மூடுய்யா, குளிர் அடிக்குது'ன்னாங்களாம். அவன் மூடிட்டான். இவங்க எந்திரிக்க மாட்டேன்னுட்டாங்க. லெஸ் கெஞ்சறாரு, தனாசிஸ் கால்ல விழறான். 'என்னை எடுக்கறதுன்னா இதோட சேத்து எடுங்க'ன்னுட்டாங்க. என்ன பண்றது? தண்ணிய வடிச்சுவிட்டு, மேல ஒரு கம்பளியப் போத்தி, அப்படியே பதினொண்ணுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. அவன் அங்கயும் கதவைத் தொறக்கிறான். அதே பொம்பள. 'ஏய்யா, நீ என்ன என் பின்னாலயே வர்ற?'ன்னு ஒரு அதட்டல்."

அதற்குப் பின் ஆய்வாளர் எந்தக் குளியலறைக் கதவையும் திறக்கவில்லை. வெளியே நின்று தட்டினார். உள்ளே யாராவது வாளித் தண்ணீரை அளைந்தார்கள். அவர் எழுதிக்கொண்டார். தெரு பிழைத்தது. அன்று எல்லோரும் தனாசிஸ் வீட்டில் கூடி ஒரு சத்தியம் செய்தார்கள்: அரசாங்கத்திலிருந்து யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், எல்லார் வீட்டிலும் தொட்டி இருந்தது.

1972இல் தனாசிஸ் தோட்டமுள்ள வீடு வாங்கிக் கிழக்கே போனபோது, தொட்டியை மதுக்கடையின் வெள்ளிக்கிழமைக் குலுக்கலில் வைத்தார்கள். அந்தக் குலுக்கலில் எப்போதும் கோழிதான் பரிசு. வெர்னா கோழி என்று நினைத்தே சீட்டு எடுத்தார்; விழுந்தது தொட்டி.

"இதை அப்படியே எங்க பாரம்பரியப் பிரிவுல வந்து சொல்லுங்க," என்றேன். "தொட்டி இந்த வீட்டு வரிசைக்குச் சொந்தமானதே இல்லைன்னு தெரிஞ்சா, எடுக்க விட்ருவாங்க."

ஒரு வாரம் யோசித்தார். சத்தியம் செய்தவர்களில் அவரும் ஐலீனும்தான் மீதி. "செத்தவங்களை எல்லாம் நான் காட்டிக் கொடுக்கிற மாதிரி ஆகுது," என்றார். பிறகு, "லெஸ் இருந்தா என் இடுப்பைத்தான் பாப்பாரு," என்று சொல்லி, நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

பாரம்பரிய அலுவலர் ஆல்டன் மிகவும் அன்பானவர். கதை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கண் கூடக் கலங்கியது.

"அற்புதமான வாய்மொழி மரபு, வெர்னா."

"மரபு இல்ல ராசா. வியாழக்கிழமை."

"நீங்க சொல்றதை நான் மதிக்கிறேன். ஆனா இந்தப் பக்கம் கையெழுத்துப் போட்ட அரசாங்க அறிக்கை இருக்கு. பதினோரு தொட்டின்னு. நீங்க சொல்றது நினைவு."

"அந்த ஆளு பாத்தது ஒரே உடைவு ஐயா. ஆறு வீட்டுலயும் ஒரே உடைவு! உனக்கு அது விசித்திரமாத் தெரியலையா?"

"அதனாலதான் அது ஒப்பற்றது," என்றார் ஆல்டன். "அதுமட்டுமில்ல. அஞ்சு வீட்டுல 'பயன்பாட்டில் உள்ளது'ன்னு இருக்கே, அதை வெச்சு, இந்தப் பகுதியில வயசான பெண்களுக்குப் பகல்லயே குளிக்கிற வழக்கம் வலுவா இருந்திருக்குன்னு எங்க ஆய்வுல ஒரு அத்தியாயமே இருக்கு."

வெர்னா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வேற சாட்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் ஆல்டன்.

முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி போட்டோம். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தார்.

"யாரு கேக்கறது?" என்றது ஐலீனின் குரல்.

"கவுன்சில்லேர்ந்து பேசறோம்."

"அப்படியா? எங்க வீட்டுல தொட்டி இருந்துச்சு. எல்லார் வீட்டுலயும் இருந்துச்சு. பச்சை."

"அடியே ஐலீன்! நான்தாண்டி, வெர்னா! உண்மையச் சொல்லு!"

"வெர்னா வீட்டுலயும் இருந்துச்சு."

"அறுபத்திநாலு எப்பவோ முடிஞ்சுபோச்சுடி!"

"அப்படின்னு யாரு சொன்னா? கவுன்சில்காரனா?" என்றது குரல். இணைப்பு அறுந்தது.

வெர்னாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வாசலில், "கிழவி அசரவே இல்ல பாத்தியா," என்றார். குரலில் பெருமைதான் இருந்தது.

அவர் சொன்னதை ஆல்டன் வீணாக்கவில்லை. மறுநாளே கோப்பில் ஒரு பத்தி சேர்த்தார். டட்டன் தெருவைப் பற்றிய கதைகளும் இனி அதன் முக்கியத்துவத்தில் அடக்கம். அவற்றைச் சொல்லும் நெடுநாள் குடியிருப்பாளரான திருமதி வெர்னா டூலனும் இந்த வரிசையின் முக்கியத்துவத்துக்குப் பங்களிக்கிறார். ஆணையரும் அதில் கையெழுத்திட்டார். நான் வெர்னாவுக்குத் தொலைபேசியில் அதைப் படித்துக் காட்டினேன். "அப்ப நானும் தொட்டியும் ஒண்ணா?" என்று கேட்டார்.

பதினாலாம் தேதி நெருங்கியது. படிவங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனதில் ஒன்று கிடைத்தது: பராமரிப்புக்காகத் தற்காலிகமாக இடம் மாற்றுதல். பொருள் அந்த வரிசையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. காரணம் என்ற இடத்தில் 'உடைவைச் சரிசெய்ய' என்று எழுதினேன். உடைவும் பாரம்பரியம்தான், அதைத் தொடக் கூடாது என்று ஆல்டன் திருப்பி அனுப்பினார். அவரே இன்னொரு காரணத்தைப் பென்சிலால் எழுதித் தந்தார்: 'தொடர்ச்சியான பயன்பாட்டிலிருந்து ஓய்வு.' அனுமதி கிடைத்தது.

"தொட்டிக்கு ஓய்வு குடுக்கறாங்க. அதுக்கும் நான்தான் அலையறேன்," என்றார் வெர்னா.

பதின்மூன்றாம் எண்ணில் இருந்த ஜாஸ்பர் என்ற கட்டடக் கலைஞர் தொட்டியை வைத்துக்கொள்ள ஆசையோடு முன்வந்தார். பலகையைப் படித்த நாள் முதல் தன் வீட்டுத் தொட்டி எங்கே போயிற்று என்று அவர் தேடிக்கொண்டிருந்தாராம். இது தெரிந்ததும் பத்தொன்பதாம் எண் ஆட்சேபம் எழுதியது. தங்கள் வீட்டிலும் தொட்டி இருந்ததற்கு அரசாங்க ஆதாரம் உண்டு, தங்களுக்கும் உரிமை உண்டு என்று. இருபத்தொன்றும் எழுதியது. கடைசியில் வீட்டுக்கு நான்கு மாதம் என்று முறை போட்டுக்கொண்டார்கள்.

பதின்மூன்றாம் தேதி காலை தொட்டியைத் தள்ளினார்கள். வெர்னா பின்சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்த்தார். தெருவின் புதுக் குடித்தனக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்தும் அது வாசலைத் தாண்டவில்லை.

"சாய்ச்சுத் தூக்குங்கய்யா! சாய்ச்சு! ஆறு பேரு, ஆறு பட்டம், ஒருத்தனுக்காவது முதுகெலும்பு இருக்கா பாரு. உள்ள ஒரு பொம்பளையே உக்காந்திருந்தா, அப்பவும் நாலு நிமிஷத்துல வெளிய வந்துச்சு!"

ஜாஸ்பர் வியர்வையோடு நிமிர்ந்து, "எந்தப் பொம்பள?" என்றார்.

"போகட்டும், தள்ளு."

இடுப்பு அறுவை நன்றாக நடந்தது. வீட்டில் வேலைதான் நடக்கவில்லை. தொட்டி இருந்த இடத்தில் தரையைக் கொத்தியதும் பழைய செங்கல் ஒன்று தெரிந்தது. அதுவும் பாரம்பரியமாக இருக்குமோ என்று பயந்து பிளம்பர் வேலையை நிறுத்திவிட்டார். செங்கலைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டிய ஆல்டன் மூன்று வார விடுப்பில் டாஸ்மேனியாவில் நடைபயணம் போயிருந்தார். வெர்னாவின் குளியலறையில் இப்போது தொட்டியும் இல்லை, ஷவரும் இல்லை. ஒரு குழியும், அதைச் சுற்றி நகராட்சியின் மஞ்சள் நாடாவும் இருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் படுக்கை வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அவரை முதியோர் இல்லத்துக்கு மாற்றுவதாக முடிவு செய்தார்கள். கொஞ்ச நாளைக்கு. குயின்ஸ்லாந்திலிருந்த மகளும் தொலைபேசியில் சம்மதம் சொல்லிவிட்டார். ஷவர் வரும் வரை வீட்டில் உடம்பைத் துடைத்துவிட ஒரு செவிலி தினமும் வந்தால் போதும் என்று வெர்னா சொன்னாராம். விதியில் அப்படி இல்லை என்றார்களாம்.

புதன்கிழமை மதியம் கவுன்ட்டர் தொலைபேசி அடித்தது. எதிரே வேலி உயரம் பற்றிக் கேட்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு நிமிடம் என்று அவரிடம் சைகை காட்டி எடுத்தேன்.

"கண்ணு, வெர்னா பேசறேன். பக்கத்துல ஆள் இருக்கா? இருந்தா 'ஆமாங்க, ஆமாங்க'ன்னு மட்டும் சொல்லு."

"ஆமாங்க."

"இவங்க என் பெட்டியைக் கட்டிட்டாங்க. பல் செட்டைக் கூடப் பையில போட்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. நல்லாக் கேளு. நானும் அந்த வரிசையில ஒரு அங்கம்னு ஒரு பத்தி படிச்சியே, அது நிஜமா உங்க கோப்புல இருக்கா? கையெழுத்தோட?"

"ஆமாங்க."

"இங்க யாரும் நான் சொன்னா நம்ப மாட்டாங்க. தாளைக் காட்டினாத்தான் நம்புவாங்க. நீ ஒண்ணு பண்ணு கண்ணு. உங்க ஆபீஸ் பேரு போட்ட நல்ல தாள்ல அந்தப் பத்திய அச்சடி. அதுக்குக் கீழ, அனுமதி இல்லாம இவளை இந்த வரிசைய விட்டு வேற எங்கயும் கொண்டு வைக்கக் கூடாதுன்னு ஒரு வரி போட்டு, பெரிய முத்திரையாக் குத்தி, வெள்ளிக்கிழமை ஒம்பது மணிக்குள்ள, வண்டி வர்றதுக்கு முன்னாடி, நீயே இங்க கொண்டாந்து குடுத்துடறியா?"